குமட்டல் கரையேறிய வாரம்

எங்க ஊருல ஒரே காலையில முந்நூறு பேரு கடக்கரை மணல்ல குனிஞ்சு வாந்தி எடுத்தாங்கன்னு சொன்னா, வெளியூர்க்காரங்க முதல்ல மீனத்தான் குத்தம் சொல்லுவாங்க. மீன் மேல பழி போடாதீங்க. அந்த வாரம் மீன ஏலம் கூறினவ நான். செவுளத் தூக்கிப் பாத்து, கண்ணு தெளிவா இருக்கான்னு பாத்துதான் கூடைய இறக்கவே விட்டேன். குத்தம் மீனுல இல்ல, வாயில. அதுலயும் ஊர்லயே பெரிய வாயி என்னோடது. அதனாலதான் இத நானே சொல்றேன், வேற யாராவது சொன்னா எனக்குப் பாவம் பாத்து மழுப்பிருவாங்க.

எம் பேரு விக்டோரியா. புன்னைத்துறையில இருபத்தேழு வருஷமா ஏலக்காரி. எங்க வீட்டுக்காரரு பேரு கஸ்பார், தையக்காரரு. அவரோட தாத்தா முத்துக் குளிச்சவரு, அப்பா சங்கு குளிச்சவரு, கூடப் பொறந்தவங்க நாலு பேரும் வள்ளம் வச்சிருக்கவங்க, இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கல. பதினாறு வயசுல முதல் தடவையா வள்ளத்துல ஏத்துனப்ப அலைய தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்தாரு, மறுநாளும் எடுத்தாரு, பழகிரும் பழகிரும்னு சொல்லி ஒம்பது நாள் கூட்டிட்டுப் போனாங்க, ஒம்பது நாளும் குடலே வெளிய வர்ற மாதிரி எடுத்துட்டு, பத்தாம் நாள் காலையில வள்ளத்துக்குப் போகாம பஜார்ல ஒரு தையக்கடையில போய் காஜா எடுக்க உக்காந்தவரு, அப்புறம் கடல் பக்கம் திரும்பவே இல்ல. நங்கூரம் போட்டு நிக்கிற வள்ளத்தப் பாத்தாலே அவருக்கு வாந்திக்கு முன்னால ஊறுற எச்சி ஊறும்.

ஊர்ல அவர யாரும் கஸ்பார்னு கூப்பிட மாட்டாங்க. ஓங்காளம்னுதான் பேரு. வாந்தி வர்றதுக்கு முன்னால அடிவயித்துல இருந்து தொண்டைக்கு ஏறுமே ஒரு சத்தம், அதுதான் ஓங்காளம். "ஓங்காளம் கடையில ஜாக்கெட் குடுத்திருக்கேன்", "ஓங்காளம் வீட்டுப் பொண்ணு" அப்படின்னு அது ரேஷன் கார்டுல மட்டும்தான் ஏறல. அவரு கூட வள்ளத்துல போன ஆளுங்கதான் அந்தப் பேர வச்சாங்கன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டிருந்தாங்க. வச்சது நான். கல்யாணமாகி நாப்பது நாள் இருக்கும், அப்பதான் ஏலம் கூறப் பழகுறேன், புதுசா வந்தவன்னு ஒருத்தரும் என் கூடைக்கு வாய் திறக்கல. கூடையில ஒரு பேத்தை மீன், வயித்த உப்பிக்கிட்டு வாய வாயத் திறந்து மூடிக்கிட்டுக் கெடந்துச்சு. அதக் கையில தூக்கிப் பிடிச்சு, "இந்தா பாருங்க, எங்க வீட்டு ஓங்காளம் என்னையத் தேடிக் கரைக்கே வந்துருச்சு"ன்னேன். கரையே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அன்னையில இருந்து எனக்கு ஏலக்காரின்னு பேரு, அவருக்கு ஓங்காளம்னு பேரு.

எங்களுக்கு ஒரே மக, ஜெனோவா. மூணு வருஷத்துக்கு முன்னால சங்குத்தீவுல கட்டிக் குடுத்தோம். நாப்பது நிமிஷக் கடல். அவ அப்பா அவ வீட்ட ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர்றதுதான முறை, வளையல் போட்டுக் கூட்டிட்டு வரலாம்னு நான் போனப்ப, அவ வரமாட்டேன்னுட்டா. "எங்கப்பாவ அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுற ஊர்லதான் எம் பிள்ள பொறக்கணும்"னு சொன்னா. அப்பா இன்னும் கால் வைக்காத அந்தத் தீவுலதான் அவரு கஸ்பாரு. நான் வளையல் பெட்டியோட திரும்பி வந்து, மருமகனுக்கு வேலை அதிகம், அதான் அனுப்பலன்னு ஊர்ல சொல்லிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பொண்ணு பொறந்துச்சு. சாயங்காலமே மருமகன் ரெக்ஸன் வள்ளத்துல வந்து சேதி சொன்னாரு, எட்டாம் நாள் சேனை, மாமாதான் வந்து வைக்கணும்னு ஜெனோவா சொல்றான்னாரு. சேனைன்னா தெரியும்ல, சீனித் தண்ணியத் தொட்டுப் பிள்ள நாக்குல வைக்கிறது. யாரு விரல் படுதோ அவங்க குணம் பிள்ளைக்கு வரும். அந்தத் தீவுல பொம்பளைங்க முங்கிப் பாசி எடுக்கிறவங்க, பொறந்த பிள்ளையும் நாளைக்கு முங்கிப் பொழைக்க வேண்டியது. நான் ரெக்ஸனத் தனியா முருங்க மரத்தடிக்குக் கூப்பிட்டு, "மாமாவுக்கு முடியாது தம்பி, எங்க அண்ணன் சிலுவைய வச்சு வையுங்க, கடல்ல அவர மிஞ்ச ஆளில்ல"ன்னு சொன்னேன். மறுநாள் அவரு பதிலோட வந்தாரு. அப்பா வரலன்னா சேனையே வேண்டாம், பிள்ள யாரு குணமும் இல்லாமலே வளரட்டும்னு எம் மக சொல்லி விட்டிருந்தா. சேனை வைக்காத பிள்ள எங்க கரையில ஒண்ணு கூடக் கிடையாது. இத ரெக்ஸன் சொன்னது கடையில, எங்க வீட்டுக்காரரு முன்னாலயே. வாயில குண்டூசியக் கடிச்சுக்கிட்டுத் துணிய வெட்டிக்கிட்டிருந்தவரு, ஊசிய எடுத்து வச்சிட்டு, "போவோம், நாப்பது நிமிஷந்தான"ன்னாரு. நான் சிரிச்சேன். வேணும்னு சிரிக்கல, பழக்கத்துல வந்துருச்சு.

அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டது எங்க அண்ணன் சிலுவை. நாப்பது வருஷம் கடல்ல கெடந்தவரு, ஒரு பொண்ண மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புற மாதிரி யோசிச்சாரு. காத்து எழும்புறதுக்கு முன்னால அஞ்சரைக்கே கிளம்பிரணும், எட்டாம் நாள் அரைப் பிறை, அன்னைக்கு நீரோட்டம் சோம்பிக் கெடக்கும், அதுவும் நல்லதாப் போச்சு. மச்சான் முன்னாலயும் உக்காரக் கூடாது பின்னாலயும் உக்காரக் கூடாது, நடு வள்ளத்துலதான் ஆட்டம் கம்மி. பிளாஸ்டிக் நாற்காலி காலப் பாதியா அறுத்துக் கட்டிருவோம், போற திசையப் பாத்து உக்காரணும், இன்ஜின் புகை மூஞ்சிக்கு வராத பக்கமா இருக்கணும். குனிஞ்சு காலடியப் பாக்கக் கூடாது, கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாத்துக்கிட்டு வரணும். வெறும் வயித்தோட வரக் கூடாது, ரெண்டு இட்லி, சட்னி கெடையாது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி அரை மணி முன்னால போட்டுக்கணும். பொம்பளைங்க அவங்க பங்குக்கு இஞ்சிய வெல்லத்துல போட்டுக் கிண்டிக் குடுத்தாங்க, எலுமிச்சம்பழத்த நகத்தால கீறிக் கீறி மோந்து பாக்கச் சொன்னாங்க, பக்கத்து வீட்டு செசிலி ஊரு மண்ண ஒரு துணியில முடிஞ்சு இதத் தொப்புளுக்கு நேரா கட்டிக்கிட்டா வயிறு கரையிலயே இருக்கிறதா நெனச்சுக்கும்னா. எல்லாத்துக்கும் அவரு தலையாட்டினாரு. குடுத்த கையோட வெளிய வந்து, நாற்காலிக்குப் பதிலா தொட்டில் கட்டுங்கன்னு சிரிச்சவளும் அதே செசிலிதான்.

புதங்கிழமை காலையில வெள்ளோட்டம். முதல் மிதவை வரைக்கும் போயிட்டுத் திரும்புறதுன்னு பேச்சு. திருவிழாவுக்கு வர்ற மாதிரி ஊரே கரைக்கு வந்துச்சு, கூத்துப் பாக்கத்தான் வந்தாங்க, நானும் என் ஏலக் கூடைக்குப் பக்கத்துல நின்னேன். அவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, கழுத்துல அளவு நாடாவக் கழட்ட மறந்து, மூஞ்சி வெளுத்துப் போயி ஏறினாரு. அண்ணன் இன்ஜினத் தட்டினாரு. வள்ளம் முதல் அலைய ஏறி இறங்குச்சு, ரெண்டாவது அலைய ஏறி இறங்குச்சு, அவரு நாற்காலியில உக்காந்திருந்தாரு. மூணாவது அலையில சுத்திச் சுத்திப் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு நின்னு, கழுத்துல இருந்த நாடாவ எடுத்து வள்ளத்தோட அகலத்த அளக்க ஆரம்பிச்சாரு. அதுக்கு மேல நான் பாக்கல, ஏன்னா என் காலடி மணல் ஏறி இறங்குச்சு. செசிலி முதல்ல குனிஞ்சா. அவளுக்குப் பின்னால நானு, ஐஸ் பெட்டிக்காரங்க, வலை பிரிக்கிறவங்க, டீக்கடைக்காரரு, ஏலம் கேக்க வந்தவங்க, எல்லாரும் வரிசையா குனிஞ்சோம். பங்குச் சாமியார் மாதா சொரூபம் வச்ச கெபிச் சுவரப் பிடிச்சுக்கிட்டு எடுத்தாரு. கடல்ல எங்க அண்ணன், நாப்பது வருஷத்துல முதல் தடவையா, சுக்கானப் பிடிச்ச கைய விடாம தலைய வெளிய நீட்டி எடுத்தாரு. முந்நூறு பேரு போடுற ஓங்காளம் அலைச் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு. வள்ளம் திரும்பி வந்து மணல்ல முட்டினதும் எல்லாருக்கும் ஒண்ணா நின்னு போச்சு. அவரு இறங்கி வந்து, "காலையில எல்லாரும் என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாரு, நெசமாவே கவலப்பட்டுத்தான் கேட்டாரு.

இது எப்படி நடக்கும்னு எங்க ஊருல ஒருத்தரும் கேக்கல. கடல் குடுக்கிறத ஏன் குடுத்தேன்னு கேட்டுப் பழக்கம் இல்லாதவங்க நாங்க. யாரு யாரு எடுத்தாங்க, யாரு எடுக்கலன்னுதான் கணக்குப் பாத்தாங்க. கரையில நின்னவங்கள்ல எடுக்காதவங்க இவங்க மட்டுந்தான்: போன மாசம் மாத்தலாகி வந்த சிஸ்டரு, வெளியூரு தபால்காரரு, இடுப்புல இருந்த கைக்குழந்தைங்க, அப்புறம் பொறவியிலயே பேச்சு வராத ராயப்பன். ராயப்பன் எடுக்கலன்னு தெரிஞ்சதுமே ஊருக்கு விளங்கிருச்சு. அந்தக் குமட்டல் அவர விட்டு எறங்கி, அவரச் சொல்லிச் சிரிச்ச வாயத் தேடி வந்திருக்கு. அன்னைக்கு மத்தியானம் ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்க முடியல. செசிலி நண்டுக் கொழம்பு ஒத்துக்கலன்னா. அந்த வீட்டுல ஒரு வாரமா நண்டு வாங்கலன்னு நண்டு வித்தவளே சொன்னா. சாமியார் ஏன் எடுத்தாருன்னு சனங்க யோசிச்சு யோசிச்சு, யோனாவத் திமிங்கலம் ஏன் கக்குச்சு தெரியுமா, உள்ள போனது நம்ம ஓங்காளம்னு அஞ்சு வருஷத்துக்கு முன்னால அவரு பிரசங்கத்துல சொன்னத ஞாபகப்படுத்திக்கிட்டாங்க. அதுக்கு அன்னைக்குக் கோயிலே சிரிச்சிருக்கு.

எங்க அண்ணன்தான் முதல்ல எங்க வீட்டுக்காரரோட கடைக்குப் போனாரு. கடையில அவரு முன்னால சட்டைக்கு அளவு குடுக்கிற மாதிரி கைய விரிச்சு நின்னுக்கிட்டு, "மச்சான், இவன் அப்பன் சங்கு எடுத்தான், இவன் வாந்தி எடுக்கான்னு சாராயக்கடையில வச்சு சொன்னவன் நான்தான்"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு நாடாவ அவரு தோளுல வச்சு, "சரி மச்சான், கொஞ்சம் நிமிந்து நில்லு"ன்னாரு. அவ்வளவுதான். வியாழக்கிழம வெள்ளோட்டத்துல அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா மத்தவங்களுக்கு முந்தின நாள விட ஒரு பிடி கூடுதலா வந்துச்சு. ஊரு அதையும் கவனிச்சுக்கிட்டுச்சு. அன்னைக்கு மத்தியானத்துல இருந்து தையக்கடை வாசல்ல வரிசை. ஒருத்தி கொக்கி வைக்கணும்னு வந்தா, ஒருத்தன் பேண்டுக்கு ஜிப்பு மாத்தணும்னு வந்தான், சாமியார் கிழியாத அங்கியக் கிழிஞ்சதுன்னு தூக்கிட்டு வந்தாரு. உள்ள போயி, சொன்னத சொன்ன மாதிரியே அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வெளிய வந்தாங்க. ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்கன்னு பொதுவாச் சொல்லிட்டு நழுவினவங்களுக்கு வெள்ளிக்கிழம காலையிலயும் வாந்திதான். எல்லாருக்கும் அவரு ஒரே பதிலத்தான் சொன்னாரு. "சரி." நான் உள் ரூம்புல பட்டன் தச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். இத்தன வருஷம் ஒரு மனுஷன் முதுகுக்குப் பின்னால என்னென்ன பேசியிருக்கோம்னு ஒரே மத்தியானத்துல காதுல விழுந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அதுல பாதி, நான் ஏலத்துல சொன்னத வாங்கிட்டுப் போயி வேற வாயில வித்தது.

இருந்தும் நான் எந்திரிச்சுப் போகல. வெள்ளிக்கிழம ராத்திரிச் சாப்பாடு வைக்கிறப்ப சொல்லிரலாம்னு நெனச்சேன், அவரு மீன் முள்ள எடுத்துக்கிட்டிருந்தாரு, தொண்டையில சிக்கிரும்னு விட்டுட்டேன். அப்பிடியெல்லாம் மனசு சாக்குத் தேடும்.

சனிக்கிழம காலப் பூசைக்கு அப்புறம் கோயில் முற்றத்துல கூட்டம். சனிக்கிழம வெள்ளோட்டம் இல்ல, இன்ஜினுக்கு ஓய்வு. இந்தப் பயணமே வேண்டாம்னு ரெண்டு மூணு பேரு எந்திரிச்சுச் சொன்னாங்க, சொன்னதுமே ஊரு அவங்களத் திரும்பிப் பாத்துச்சு, இன்னும் கடைக்குப் போகாத ஆளுங்க யாருன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு அங்கயிருந்து நேரா கடைக்குப் போனாங்க. செசிலி கடைசி. அழுதுக்கிட்டே போயி அழுதுக்கிட்டே வந்தா. அப்பதான் சாமியார் ஒரு கேள்வி கேட்டாரு. "எல்லாரும் சொல்லியாச்சு. இனி நாளைக்கு அந்தக் குமட்டல் எங்க போகும்?" போக வேற எடமில்லன்னா அது எங்க வீட்டுக்காரருகிட்டயேதான் திரும்பிப் போகும். எங்க அண்ணன் மெதுவாச் சொன்னாரு: "சொல்லாத ஆளு ஒருத்தராவது இருந்தாத்தான் மச்சான் தீவுக்குப் போய்ச் சேருவாரு." எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. என்னைய யாரும் பாக்கல. பொண்டாட்டிதான, வீட்டுக்குள்ளயே சொல்லியிருப்பான்னு நெனச்சுக்கிட்டாங்க.

நான் கடைக்குப் போனேன். அவரு பேத்திக்குச் சட்டை தச்சுக்கிட்டிருந்தாரு, கையகலத் துணி, அதுல விரல்நகம் அளவுக்கு ஒரு பை வேற வச்சிருந்தாரு. பிள்ளைக்கு எதுக்குப் பைன்னு கேட்டேன். "கைய நீட்டி வாங்குறதுக்கு முன்னால வைக்க எடம் வேணும்ல"ன்னாரு. சொன்னா நாளைக்கு அவரு நடுக்கடல்ல குடலக் கக்குவாரு, அண்ணன் வள்ளத்தத் திருப்பிருவாரு, பேத்தி சேனையில்லாமப் போகும், மக இனி என் மூஞ்சியில முழிக்க மாட்டா. சொல்லலன்னா அவரு போய்ச் சேருவாரு. அதனால சொல்லல. கேக்குறவங்க இதத் தியாகம்னு எடுத்துக்காதீங்க, அதுக்குத்தான் கோவமா சொல்றேன். இருபத்தேழு வருஷமா சொல்லாம இருந்ததுக்கு என்கிட்ட ஒரு காரணமும் இல்ல, திமிரத் தவிர. இப்ப சொல்லாம இருக்க ஒரு நல்ல காரணம் கெடச்சுருச்சு. அது கெடச்சப்ப என் நெஞ்சுல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதுதான் எனக்கு வெக்கம். பேத்தைய விட அதுதான் வெக்கம்.

ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகாத நாள், கரை நெறைய சனம். யாருக்கும் இப்ப பயமில்ல, அவருக்கு என்ன ஆகுமோங்கிறதுதான் எல்லாரு மூஞ்சியிலயும். அவரு நடு வள்ளத்துல நாற்காலியில உக்காந்தாரு, நான் குறுக்குப் பலகையில, அண்ணன் பின்னால. முதல் அலையில வள்ளம் ஏறுனதும் முந்நூறு பேரோடதும் சேந்து எனக்குள்ள எறங்குச்சு. பிள்ள பெத்தப்ப கூட அப்படி வளைஞ்சதில்ல நான். பலகைய விட்டு மண்டி போட்டு விழுந்து எடுத்தேன். நிமிந்து பாத்தேன். கரையில ஒருத்தரும் அசையல, ஒருத்தரும் குனியல, ஊரே நின்னு என்னையப் பாத்துக்கிட்டிருந்துச்சு. செசிலி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. அவ சிரிச்சிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். இன்ஜின் சத்தத்துல கரை சின்னதாப் போற வரைக்கும் அந்தப் பார்வை என் முதுகுல இருந்துச்சு.

அவரு எந்திரிச்சு வந்து என்னையத் தூக்கி அவரு நாற்காலியில உக்கார வச்சாரு. "காலடியப் பாக்காத, அந்தக் கோட்டப் பாரு"ன்னாரு. எலுமிச்சம்பழத்தக் கீறி மூக்குகிட்டப் பிடிச்சாரு, இஞ்சி வெல்லத்தக் கிள்ளி நாக்குல வச்சாரு, துண்டக் கடல்ல நனச்சுப் புழிஞ்சு கழுத்துல போட்டாரு, செசிலி குடுத்த மண்ணு முடிச்ச அவுத்து என் வயித்துல கட்டினாரு. அவருக்காக ஊரே கூடி யோசிச்ச எல்லாத்தையும் வரிசையா எனக்குச் செஞ்சாரு. புகை வராத பக்கமா அவரே நின்னு மறைச்சுக்கிட்டாரு. ஒண்ணுலயும் எனக்கு அடங்கல. அண்ணன் கடலையே பாத்து ஓட்டிக்கிட்டு வந்தாரு, தங்கச்சி பக்கம் தலையத் திருப்பல.

பாதிக் கடல்ல என்னால முடியல. குமட்டல் இல்ல, மத்தது முடியல. "இங்கேருங்க, உங்களுக்கு அந்தப் பேர…"ன்னு வாயத் திறந்தேன். அவரு சட்டுன்னு எலுமிச்சம்பழத்த என் உதட்டுல வச்சு அமுக்கினாரு.

"சொல்லிராத விக்டோரி."

"உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். பேத்தை மீனு. அன்னைக்கு நீ காலையில சாப்பிடாமப் போயிட்டேன்னு சோத்துத் தூக்கு எடுத்துட்டு வந்தேன். வெத்தலைக்காரிக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். தூக்குச்சட்டிய உன் கூடைக்குப் பக்கத்துல வச்சிட்டு வந்துட்டேன்."

அந்தத் தூக்கு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. யாரு வச்சதுன்னு கேக்காம, பசியில வழிச்சுத் தின்னேன். அன்னைக்கு என் கூடைதான் கரையிலயே அதிக விலைக்குப் போச்சுன்னு சாயங்காலம் அவருகிட்டப் பெருமையடிச்சேன். எப்படிப் போச்சுன்னு அவரு கேட்டாரு, சும்மா பேசித்தான்னேன்.

"இப்ப நீ சொல்லிட்டா இது எனக்கு வந்துரும்"னாரு. "வாந்தி எடுத்த கையோட பிள்ள நாக்குல எப்படி விரல் வைப்பேன்? திரும்பிப் போனப்புறமும் சொல்லாத. நான் அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரணும். அது தவழ்றதப் பாக்கணும், நடக்கிறதப் பாக்கணும். எத்தன வருஷம் வரணுமோ, அத்தன வருஷமும் நீ சொல்லாம இரு." கோவமா சொல்லல. ஒரு ஆளுகிட்ட உதவி கேக்குற மாதிரிதான் கேட்டாரு. நான் தலைய ஆட்டிட்டுத் திரும்பியும் குனிஞ்சேன்.

தீவுல எறங்குனதும் எனக்குள்ள இருந்தது நின்னுச்சு, காலு மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு. "கஸ்பார் மாமா வந்துட்டாரு, கஸ்பார் மாமா வந்துட்டாரு"ன்னு பாசி காயப் போட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சு வந்தாங்க. அவரு ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரு தன்னோடதுதானான்னு ஒரு நொடி யோசிச்சுத்தான் திரும்பினாரு. ஜெனோவா வாசல்லயே நின்னா. அப்பாவோட சட்டையில ஒரு கறை கூட இல்லாததப் பாத்தா. அப்புறம் என் சேலையப் பாத்தா. அந்த வாரத்து விஷயமெல்லாம் ரெக்ஸன் சொல்லியிருப்பாரு.

அந்தத் தீவுல சேனைக்கு ஒரு வழக்கம் உண்டு. விரல் வைக்கிறதுக்கு முன்னால, பிள்ளையப் பெத்தவளோட அம்மா எல்லாரு முன்னாலயும் வாய்விட்டுக் கேக்கணும், இந்த ஆளுகிட்ட இருந்து எந்தக் குணம் பிள்ளைக்கு வேணும்னு. முங்குற மூச்சு வேணும்னு கேப்பாங்க, கண்ணு வேணும்னு கேப்பாங்க, கைராசி வேணும்னு கேப்பாங்க. ரெக்ஸனோட அம்மா சீனித் தண்ணிக் கிண்ணத்த நீட்டிக்கிட்டு, "கேளுங்க சம்மந்தி"ன்னாங்க. வீடு நெறைய ஆளு. நான் எம் மகளப் பாத்தேன். பிள்ளைய நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தா, கண்ணுல பயம். அம்மா இங்கயும் ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிருவாளோங்கிற பயம். அத நான் அவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப எத்தனையோ தடவ பாத்திருப்பேன், என்னன்னு எனக்குத் தெரிஞ்சதில்ல.

ஊருக்கே கேக்குற வாய வச்சுக்கிட்டு, மெதுவா "தெரிஞ்சும் சொல்லாம இருக்கிற குணம்"னேன்.

"கேக்கல சம்மந்தி, கொஞ்சம் சத்தமா."

"தெரிஞ்சும் சொல்லாம இருக்கிற குணம் வேணும்"னேன். யாரும் சிரிக்கல. பாசி எடுக்கிறதுக்கு அது எதுக்குன்னு பின்னால ஒருத்தி இன்னொருத்திகிட்டக் கேட்டா. அவரு கிண்ணத்துல விரலத் தொட்டு, பிள்ள நாக்குல வச்சாரு. அது ஒரு தடவ சப்புக் கொட்டிட்டு, இன்னும் வேணும்னு அந்த விரலயே பிடிச்சு உறிஞ்சுச்சு. அவரு அதையே பாத்துக்கிட்டு நின்னாரு, என் பக்கம் திரும்பல. ஜெனோவா ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, இன்னும் ஆடுறீங்க"ன்னா.

நான் உக்காந்தேன். அவருகிட்ட ஒரு வார்த்த நன்றின்னு சொல்லணும்னு இருந்துச்சு. எதுக்குன்னு சொல்லாம எப்படிச் சொல்றது. அதனால அதையும் சொல்லல.